ஒரு கிளிப், ஒரு வெல்டிங், ஒரு ஜாப் கார்டு – ஈக்கோஸ்போர்ட் ரீகால்கள் நமக்குச் சொல்லும் பாடம்

டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பலருக்கு முதல் வேலை எங்கே கிடைக்கிறது? இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் சீனியர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே லைனில் நிற்கும்போது நம் கைக்கு முழுக் கார் வருவதில்லை. ஒரு போல்ட் வரும், ஒரு கிளிப் வரும், ஒரு ஒயர் கப்ளர் வரும். "இது ஒண்ணுதானே, இதுல என்ன ஆயிடப் போகுது" என்று மனசு சொல்லும். அந்த ஒண்ணு என்னவெல்லாம் செய்யும் என்பதை நம் பக்கத்திலேயே தயாரான ஒரு வண்டியின் கதையை வைத்துப் பார்ப்போம்.

ரீகால் என்றால் என்ன?

விற்று முடித்த வண்டியில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருப்பது தெரிந்தால், கம்பெனியே அந்த வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு, காசு வாங்காமல் சரி செய்து தர வேண்டும். இதுதான் ரீகால். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சர்வீஸ் சென்டருக்கு வரச் சொல்வார்கள், பார்ப்பார்கள், குறை இருந்தால் பாகத்தை மாற்றுவார்கள், அனுப்பிவிடுவார்கள். சில ரீகால் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ரீகாலுக்கும் சாதாரண ரிப்பேருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரிப்பேர் என்பது ஒரு வண்டியின் நோய். ரீகால் என்பது ஒரு கூட்டத்துக்கே வந்த நோய். ஒரே நாளில், ஒரே மிஷினில், ஒரே சப்ளையரிடமிருந்து வந்த பாகம் ஆயிரக்கணக்கான வண்டிகளில் உட்கார்ந்திருக்கும். அதில் பத்து வண்டி கெட்டுப்போனதாகத் தெரிந்தால், மற்ற வண்டிகளையும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

நம் பக்கத்து வண்டி

மறைமலை நகர் இன்று செங்கல்பட்டு மாவட்டம். 2019-ல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே ஃபோர்டு தொழிற்சாலையில் தயாரானதுதான் ஈக்கோஸ்போர்ட். 2013 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. நீளம் 4 மீட்டருக்குள் இருந்தால் சிறிய கார் என்று வரிச்சலுகை தரும் முறை 2006 பட்ஜெட்டில் வந்திருந்தது. அந்த அளவுக்குள் எஸ்.யு.வி. மாதிரி உயரமும் தோற்றமும் கொடுத்ததால் இந்த வண்டிக்கு நல்ல கிராக்கி. பிறகு இங்கிருந்தே அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் மறைமலை நகர் லைனும் நின்றது. ஆனால் வண்டிகள் இன்றும் நம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த ஒரு மாடலுக்கு இந்தியாவில் வந்த ரீகால்களில் சிலவற்றைப் பாருங்கள்.

1. 2013 செப்டம்பர்: 972 டீசல் வண்டிகள். குளோ பிளக் கண்ட்ரோல் மாட்யூலை மாற்ற. டீசல் என்ஜினில் கம்பஸ்ஷன் சேம்பரைச் சூடாக்கி ஸ்டார்ட் ஆக உதவுவது குளோ பிளக். அதற்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்துவது அந்த மாட்யூல்.

2. 2014: 20,752 வண்டிகள். பக்கவாட்டு ஏர்பேக் ஒயரிங்கைச் சரிசெய்யவும், பெட்ரோலும் அதன் ஆவியும் போகும் குழாய்களைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பைப் பொருத்தவும்.

3. 2016 மே: சுமார் 48,000 டீசல் வண்டிகள். எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பைச் சரிசெய்ய. கூடவே சுமார் 700 வண்டிகளில் பின் சீட் போல்ட்டை மாற்ற.

4. 2018: 2017 மே, ஜூன் மாதங்களில் தயாரான 4,379 வண்டிகள். முன்பக்க லோயர் கண்ட்ரோல் ஆர்மின் வெல்டிங் ஒரே சீராக இல்லாமல் இருக்கலாம், அதனால் ஸ்டீயரிங் கட்டுப்பாடு பாதிக்கப்படலாம் என்பதால். இதோடு 1,018 வண்டிகளுக்கு உட்பட்ட எண்ணிக்கையில் முன் சீட் சாயும் லாக்கைப் பரிசோதிக்க.

5. அதே 2018-ல் 7,249 பெட்ரோல் வண்டிகள். கண்ட்ரோல் மாட்யூலின் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். என்ஜின் வெடித்தது, சேஸிஸ் உடைந்தது என்று ஏதாவது இருக்கிறதா? கிளிப், போல்ட், வெல்டிங், ஒயர், சீட் லாக், சாஃப்ட்வேர். எல்லாம் "ஒண்ணுதானே" ரகம்.

கிளிப்பையே எடுத்துக்கொள்வோம். வண்டிக்கு அடியில் எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் நீளமாகப் போகின்றன. கிளிப் அவற்றை இடைவெளி விட்டுப் பிடித்து வைக்கிறது. கிளிப் இல்லாவிட்டாலோ சரியாக உட்காராவிட்டாலோ, அதிர்வில் குழாய் பக்கத்தில் இருப்பதோடு உரசும். உரசினால் மேல்பூச்சு போகும், பூச்சு போனால் துரு பிடிக்கும், துரு பிடித்தால் ஒரு நாள் கசியும். முதல் நாளில் ஒன்றும் தெரியாது. மூன்று மழைக்காலம் போன பிறகு தெரியும். கசிவது எரிபொருளாக இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து, பிரேக் ஆயிலாக இருந்தால் பெடல் உள்ளே போய்விடும். லைனில் பார்த்தால் அது ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான்.

பாவுக் குறை, ஊடைக் குறை

பிள்ளையார்பாளையம் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பாவில் ஒரு இழை தப்பாகச் சேர்ந்துவிட்டால், சேலை முழுக்க நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். ஒரே பாவில் நெய்த அடுத்த சேலையிலும் அது வரும். ஊடையில் ஒரு நூல் தடித்து வந்தால் அந்த இடத்தில் மட்டும் குறுக்கே தெரியும். முன்னும் பின்னும் நன்றாகவே இருக்கும்.

கார் தயாரிப்பிலும் இந்த இரண்டு ஜாதிக் குறைகள் உண்டு. டிசைனிலேயே தப்பு இருந்தால் அது பாவுக் குறை. அந்த டிசைனை மாற்றும் வரை வெளியே போன எல்லா வண்டியிலும் இருக்கும். எண்ணிக்கை பெரிதாக இருக்கும். உற்பத்தியில் சில நாள் மட்டும் ஏதோ தவறியிருந்தால் அது ஊடைக் குறை. 2017 மே, ஜூன் என்று இரண்டு மாத வண்டிகளை மட்டும் வெல்டிங்குக்காகக் கூப்பிட்டார்கள் அல்லவா, அது இந்த ரகத்தில் சேரும்.

ரீகால் அறிவிப்பைப் பார்த்தவுடன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எத்தனை மாதத்து வண்டிகள்? அந்தக் கால அளவைப் பார்த்தே குறை எந்த ஜாதி என்று ஓரளவு ஊகித்துவிடலாம். குவாலிட்டி கண்ட்ரோல் பேப்பரில் நாம் போட்டுப் பழகிய கண்ட்ரோல் சார்ட் நினைவிருக்கிறதா? புள்ளிகள் எல்லைக் கோட்டைத் தாண்டிய நாள் எது, திரும்பி வந்த நாள் எது என்று அதில்தான் தெரியும். அந்தச் சார்ட்டை ஒழுங்காக எழுதியிருந்தால் 4,000 வண்டிகளைக் கூப்பிட்டால் போதும். எழுதாமல் விட்டிருந்தால் 40,000 வண்டிகளைக் கூப்பிட வேண்டி வரும். "ரெக்கார்டு எழுதறது வெட்டி வேலை" என்று நினைக்கும் நண்பர்கள் கவனிக்க!

எந்த வண்டி என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாள எண் உண்டு. சேஸிஸ் நம்பர் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அதுதான். ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழப்பம் வராமலிருக்க ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் இதில் வராது. முதல் மூன்று எழுத்து தயாரித்தவரைக் காட்டும். ஃபோர்டு இந்தியாவுக்கு எம்.ஏ.ஜே., ஹூண்டாய் இந்தியாவுக்கு எம்.ஏ.எல். கடைசியில் வருவது வரிசை எண்.

இந்த எண்ணோடு எந்தத் தேதியில், எந்த பேட்ச் பாகம் போட்டார்கள் என்ற விவரத்தைத் தொழிற்சாலை சேர்த்து வைத்திருக்கும். அதனால்தான் 2024 பிப்ரவரியில் ஹூண்டாய், 2023 பிப்ரவரி 13 முதல் ஜூன் 6 வரை தயாரான 7,698 கிரெட்டா, வெர்னா வண்டிகளை மட்டும் குறிப்பாகக் கூப்பிட முடிந்தது. சி.வி.டி. கியர்பாக்ஸின் எலெக்ட்ரானிக் ஆயில் பம்ப் கண்ட்ரோலரில் குறை இருக்கலாம் என்பது காரணம். இருங்காட்டுக்கோட்டை நம் மாவட்டம்தான். அங்கே தேதி எழுதி வைத்தவர்களில் நம் சீனியர்களும் இருக்கக்கூடும்.

எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் "இது மெக்கானிக்கல்காரன் தலைவலி" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 2020 டிசம்பரில் கோனா எலெக்ட்ரிக் வண்டிகள் 456-ஐ ஹை வோல்டேஜ் பேட்டரிக்காக ஹூண்டாய் இந்தியாவில் கூப்பிட்டது. அடுத்த ஆண்டு உலக அளவில் சுமார் 82,000 எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு பேட்டரியையே மாற்றும் வேலை வந்தது.

ஓனர் சொல்வதைக் கேள்

தொழிற்சாலையில் எவ்வளவோ டெஸ்ட் செய்கிறார்கள். ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. பரிசோதனை மையம் போன்ற இடங்களிலும் டெஸ்ட் நடக்கிறது. அப்படியும் ஏன் குறை தப்பி வருகிறது? காலம் என்ற ஒன்றை டெஸ்டில் முழுசாகக் கொண்டுவர முடியாது. டகாட்டா கம்பெனியின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் கதை உலகம் அறிந்தது. அதில் இருந்த அமோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் வெயிலும் ஈரப்பதமும் பட்டுக் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது இன்ஃப்ளேட்டரே வெடித்து உலோகத் துண்டுகள் பறந்தன. உயிரைக் காக்க வைத்த பொருள் உயிரை எடுத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகாலுக்கு உள்ளாயின.

ஆக, வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் உண்மையான டெஸ்ட் டிரைவர் யார் என்றால், வண்டியின் ஓனர்தான். அவர் சொல்லும் புகார்களை மூன்று கூடையில் போடலாம்.

எரிச்சல்: டேஷ்போர்டு கிறுகிறு என்கிறது, டச் ஸ்கிரீன் நின்று நின்று வேலை செய்கிறது.

செலவு: கிளட்ச் சீக்கிரம் தேய்கிறது, மைலேஜ் கிடைக்கவில்லை.

உயிர்: ஓடும்போது என்ஜின் நிற்கிறது, பிரேக் பெடல் இறங்குகிறது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, பெட்ரோல் வாசனை வருகிறது, ஏர்பேக் விளக்கு அணையவில்லை.

மூன்றாவது கூடையில் ஒரே ஒரு புகார் வந்தாலும் விடக்கூடாது. ஆனால் கஷ்டம் என்னவென்றால், உயிர்க் கூடைப் புகார் பல சமயம் எரிச்சல் கூடைப் புகார் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும். இங்கேதான் நம் வேலை ஆரம்பிக்கிறது.

ஜாப் கார்டு எழுதும் கை

ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சர்வீஸ் சென்டரில் நீங்கள் அட்வைசர். ஒருவர் வருகிறார்.

"சார், முன்னாடி ஏதோ சத்தம் வருதுங்க."

"எல்லா வண்டியிலும் வர்றதுதான் சார். ஓட்ட ஓட்டச் சரியாயிடும்."

ஜாப் கார்டில் எழுதுவது: "சத்தம். செக் செய்யப்பட்டது. ஓகே."

இதே ஆளிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம்? எந்த வேகத்தில்? பிரேக் போடும்போதா, திருப்பும்போதா, மேடு ஏறி இறங்கும்போதா? எப்போதிலிருந்து? இப்போது ஜாப் கார்டு இப்படி ஆகும்: "வலது முன்பக்கம், ஸ்பீட் பிரேக்கர் இறங்கும்போது டக் என்று ஒரு சத்தம், 15 நாளாக. பிரேக் போட்டால் ஸ்டீயரிங் லேசாக வலது பக்கம் இழுக்கிறது. ஓடியது 18,400 கி.மீ."

முதல் கார்டை வைத்து யாராலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது கார்டைப் பார்த்ததும் மெக்கானிக் வண்டியைத் தூக்கி லோயர் ஆர்மையும் பால் ஜாயிண்டையும் புஷ்ஷையும் பார்ப்பான். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு பிணைக்கும் கை. அதன் வெல்டிங் விட்டால் சக்கரம் நாம் சொன்ன பக்கம் நிற்காது. திருப்பதிக்கோ வேலூருக்கோ குடும்பத்தோடு போகிற வண்டி 80 கி.மீ. வேகத்தில் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

இதே மாதிரி கார்டு மதுரையில் ஒன்று, புனேயில் ஒன்று, ஜெய்ப்பூரில் ஒன்று எழுதப்பட்டால், கம்பெனியின் வாரண்டிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றும் ஒன்றாகத் தெரியும். மூன்று வண்டியும் ஒரே மாதத் தயாரிப்பு என்பதும் தெரியும். ரீகாலுக்கான முதல் புள்ளி அங்கே விழுகிறது. மூன்று பேரும் "சத்தம், ஓகே" என்று எழுதியிருந்தால் அந்தப் புள்ளி விழவே விழாது.

புகார் எழுதினால் என்ன நடக்கும்?

அமெரிக்காவில் 1966-லேயே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அங்கே ஓனர்கள் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு நேராகப் புகார் எழுதலாம். நம் ஊரில் தயாராகி அங்கே போன ஈக்கோஸ்போர்ட்டுக்கும் அது நடந்தது. 1 லிட்டர் என்ஜினில் ஆயில் பம்ப்பைச் சுற்றுவது ஆயிலுக்குள்ளேயே ஓடும் ஒரு பெல்ட். அதன் டென்ஷனர் கை உடைந்தாலோ பெல்ட்டின் பற்கள் போனாலோ ஆயில் பிரஷர் இல்லாமல் போகும். ஓடும்போதே என்ஜின் நின்றுவிடும். என்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் போய்விடும். ஓனர்களின் புகார்களை வைத்து நிர்வாகம் 2023-ல் விசாரணை தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபோகஸ், ஈக்கோஸ்போர்ட் இரண்டும் சேர்த்து 1,39,730 வண்டிகளை ஃபோர்டு ரீகால் செய்தது. அந்த நேரத்தில் மறைமலை நகர் லைன் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. லைன் நின்றாலும் பொறுப்பு நிற்பதில்லை.

நம் நாட்டில் 2012 ஜூலையில் கார் தயாரிப்பாளர் சங்கமான சியாம், தானாக முன்வந்து ரீகால் செய்யும் ஒரு விதிமுறையை ஏற்படுத்தியது. மேலே சொன்ன இந்திய ஈக்கோஸ்போர்ட் ரீகால்கள் எல்லாம் அந்தக் காலத்தில் கம்பெனி தானாகச் செய்தவை. கட்டாயச் சட்டம் 2019-ல்தான் வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன் சாரம்:

சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுபவருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, ரோட்டில் போகிறவருக்கோ தீங்கு தரும் குறை என்றால் மத்திய அரசு ரீகாலுக்கு உத்தரவிடலாம்.

7 ஆண்டுக்குள் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தும்.

ஓனர்கள் வாகன் தளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். எத்தனை புகார் சேர்ந்தால் நடவடிக்கை என்பது அந்த வண்டி ஆண்டுக்கு எவ்வளவு விற்கிறது என்பதைப் பொறுத்தது.

அரசு உத்தரவிட்டு ரீகால் நடந்தால் அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. கம்பெனி தானாகக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அபராதம் இல்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். குறையை மறைப்பவனுக்குத்தான் தண்டனை, குறை சொல்பவனுக்கு இல்லை. அதனால் நிறைய ரீகால் செய்த கம்பெனி மோசம், ரீகாலே செய்யாத கம்பெனி உத்தமம் என்று டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. ரீகாலே இல்லை என்றால் குறை இல்லை என்றும் அர்த்தம் இருக்கலாம், தேடவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டில் கார் இருந்தால், முக்கியமாக செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து "இந்த வண்டிக்கு ரீகால் பாக்கி இருக்கா?" என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ரீகால் கடிதம் முதல் ஓனரின் விலாசத்துக்குப் போயிருக்கலாம். வண்டி கை மாறியிருக்கும், குறை மாறியிருக்காது.

2. ரீகால் வேலைக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முடிந்த வேலையை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

3. புகார் சொல்லும்போது பக்கம், வேகம், சூழ்நிலை, கிலோமீட்டர் நான்கையும் சொல்லுங்கள்.

4. சர்வீஸில் வேலைக்குப் போனால் "ஓகே" என்ற ஒரு வார்த்தையோடு ஜாப் கார்டை முடிக்காதீர்கள்.

5. லைனில் வேலைக்குப் போனால், கிளிப் இல்லாமல் ஒரு வண்டி கண்ணில் பட்டால் கையைத் தூக்குங்கள். "டார்கெட் போயிடும்" என்று பக்கத்தில் இருப்பவன் சொல்வான். லைனிலேயே கிளிப் போட ஒரு நிமிஷம். அதே கிளிப்புக்காக வண்டியைத் திரும்பக் கூப்பிட்டால் ஒரு கடிதம், ஒரு அப்பாயின்ட்மென்ட், ஒரு லிஃப்ட், ஒரு மெக்கானிக், ஓனருக்கு ஒரு நாள் லீவு. அதுவும் 48,000 தடவை.

டிப்ளமோ படித்தவன் டிசைன் போடுவதில்லை, பெரிய முடிவு எடுப்பதில்லை என்று நமக்கு ஒரு தாழ்வு மனப்பான்மை உண்டு. இருக்கட்டும். டிசைன் போட்டவர் கண்ணில் படாத குறை முதலில் படுவது நம் கண்ணில்தான். பார்த்ததை எழுதுகிறோமா, விடுகிறோமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. எழுதுவோம், நண்பர்களே!